எதிர் நாற்காலியில் கரடி

செப்டம்பர் 26

இன்று அம்மாவின் முதல் வருஷத் திதி. திருச்சிக்குப் போக முடியவில்லை. போயிருக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன், படிக்க நன்றாக இல்லை. எனவே முடியவில்லை என்றே இருக்கட்டும். குமா பர்கர்காரர்கள் அடுத்த வருட விளம்பரத்துக்கான பேச்சை இந்த வாரம்தான் தொடங்குகிறார்கள். நான் வேலை பார்க்கும் இந்தத் தோக்கியோ விளம்பர ஏஜென்சியில் இந்தியச் சந்தைக்கென்று இருப்பது நான் ஒருத்தி. நீ கட்டாயம் இருக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நானே சொல்லிக்கொண்டேன்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். காவிரிக் கரையில், அம்மா மண்டபத்தில் காரியம் நல்லபடியாக முடிந்ததாம். வீட்டில் படைத்து, காக்காய்க்கும் வைத்தாராம்.

"அப்புறம் ஒண்ணு பண்ணினேன் திலகா. சிரிக்காதே."

"சிரிக்கல, சொல்லுங்கப்பா."

"புத்தூர் நால்ரோட்டுல உங்க கம்பெனி கடை இருக்குல்ல, அங்க போனேன்."

குமா பர்கர் எங்கள் கம்பெனி அல்ல, எங்களுடைய வாடிக்கையாளர். இந்த வித்தியாசத்தை அப்பாவுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

"ரெண்டு வாங்கினேன். உருளைக்கிழங்கு வெச்சதுதான். ஒண்ணு எனக்கு. இன்னொண்ண எதிர் நாற்காலி பக்கமா வெச்சேன். உங்கம்மா கேட்டாம்மா. பஸ்ஸுல அந்தப் பக்கம் போறப்பல்லாம் கேட்டா, ஒருநாள் உள்ள போலாமான்னு. நமக்கெதுக்குடி அந்தக் கண்றாவின்னுட்டேன். ஒரு தடவைகூடக் கூட்டிட்டுப் போகல."

"இன்னொண்ண என்ன பண்ணினீங்க?"

"கொஞ்ச நேரம் வெச்சிருந்து நானே சாப்பிட்டேன். படையல்தானே அதுவும். யார்கிட்டயும் சொல்லாத. கெழவனுக்குப் பைத்தியம்னுவாங்க."

சொல்ல மாட்டேன் என்றேன்.

அக்டோபர் 9

சொல்லிவிட்டேன்.

நடந்தது இதுதான். குமா பர்கரின் சின்னம் ஏப்ரன் கட்டிய ஒரு கரடி. ஜப்பானில் அந்தக் கடைகளில் பாதி இடம் தனி ஆட்களுக்கானது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, யாரோடும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். இங்கே யாரும் அதைத் தவறாக நினைப்பதில்லை. நம் ஊரில் அந்தச் சுவரோரப் பலகை மேசைகள் காலியாகவே கிடக்கின்றன. கூட்டமாக வருகிறார்கள், அல்லது வருவதே இல்லை. ஏன் என்று குமா பர்கர் தரப்பில் கேட்டார்கள். எங்கள் ஊரில் ஒருவர் வெளியே தனியாகச் சாப்பிட்டால், பாவம், ஆள் இல்லை போலிருக்கிறது என்பார்கள் என்றேன். அப்படியானால் தனியாகச் சாப்பிடுகிறவரை மரியாதையோடு காட்டும் ஒரு கதை வேண்டும், இரண்டு நாட்டிலும் ஓடுகிற மாதிரி, என்றார் என் மேலதிகாரி மொரிதா சான்.

பிறகு அறையில் யாரும் பேசவில்லை. ஜப்பானியக் கூட்டங்களில் இப்படித்தான். பேச எதுவும் இல்லாவிட்டால் பேசாமல் இருப்பார்கள், அதில் யாருக்கும் சங்கடம் கிடையாது. இத்தனை வருடமாகியும் எனக்கு அது பழகவில்லை. நாலு பேர் இருக்கிற இடம் அமைதியாக இருந்தால் எதையாவது சொல்லி நிரப்பாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தேன். "எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர்..."

தெரிந்த ஒரு பெரியவர். என் வாயால் அப்படித்தான் சொன்னேன்.

சொல்லி முடித்தபோது மொரிதா சான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டில் இறந்துபோன அம்மாவின் படத்துக்கு முன்னால் தினமும் காலையில் ஒரு கோப்பை காப்பி வைப்பாராம். ஆறிய பிறகு அதை அவரே குடிப்பாராம். "இது இரண்டு ஊரிலும் புரியும்" என்றார். எல்லோரும் தலையசைத்தார்கள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்.

அக்டோபர் 10

அப்பாவிடம் கேட்டுவிட வேண்டும். கேட்டால் சரியென்பார்.

அக்டோபர் 18

காலையில் குப்பையைத் தவறான நாளில் வெளியே வைத்துவிட்டேன். கீழ்வீட்டு அம்மாள் ஒரு வார்த்தை சொல்லாமல் அதை என் கதவருகே திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். திட்டியிருந்தால் தேவலை.

அப்பாவோடு பேசினேன். மோட்டார் ரிப்பேர். மாடி ஓதம். பிறகு, தானாகவே, "நேத்து அமாவாசை, போயிட்டு வந்தேன்" என்றார். இனி அமாவாசைக்கு அமாவாசை போகப்போகிறாராம். அங்கே ஷர்மிளா என்ற பெண் அவருக்காக மூலை மேசையைத் துடைத்து வைத்திருந்தாளாம். எதற்கு இரண்டு என்று கேட்கவே இல்லையாம். "நல்ல பொண்ணு" என்று இரண்டு தடவை சொன்னார். அம்மா போன பிறகு அவர் குரலில் இந்தத் தெம்பை நான் கேட்டதில்லை.

அதனால்தான் கேட்கவில்லை. நன்றாக இருக்கிற மனுஷரை எதற்குக் கலைக்க வேண்டும்?

நவம்பர் 5

கதையை ஜப்பானில் சிலரிடம் சொல்லிச் சோதித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் பிடித்திருக்கிறது, ஓர் இடம் தவிர. மனைவி கேட்டும் கணவர் ஒரு முறைகூட அழைத்துப் போகவில்லை என்கிற இடம். அங்கே கேட்பவர்கள் முகம் சுண்டிவிடுகிறதாம்.

மொரிதா சான் நிதானமாக விளக்கினார். சோகம் இருக்கலாம், அது பசியைக் கெடுக்காது. குற்ற உணர்ச்சி கூடாது. அது வந்தால் யாரும் எதையும் வாங்க மாட்டார்கள். எனவே இருவரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் சேர்ந்து வந்தவர்களாக இருக்கட்டும். அவர் இப்போது தனியே வருகிறார். அவ்வளவு போதும்.

மாற்றி எழுதினேன். எனக்கு அது சுலபமாக வந்தது. கணவர் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுப்பது, மனைவி வாயோரத்தில் ஒட்டியதை அவர் துடைத்துவிடுவது. எழுதும்போது நானே கொஞ்சம் நம்பினேன். அப்பா இப்படி இருந்திருந்தால் அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்திருக்கும் என்றுகூட நினைத்தேன்.

நவம்பர் 20

சிக்கன் பர்கர்தான் காட்ட வேண்டுமாம். உருளைக்கிழங்கு பர்கர் படத்தில் எடுபடாது. முட்டை போட்டிருப்பார்கள் என்று கேக்கைக்கூடத் தொடாதவள் அம்மா. அவளுடைய படையலில் சிக்கன்.

எதிர்த்துப் பேசினேன் என்று எழுத ஆசை. "பரவாயில்லை" என்று மட்டும்தான் சொன்னேன்.

டிசம்பர் 11, சென்னை

தமிழ்ப் படப்பிடிப்பு. கோடம்பாக்கத்தில் ஒரு அரங்குக்குள் குமா பர்கர் கடையையே கட்டிவிட்டார்கள். ரொட்டியின் மேல் எள்ளை ஒவ்வொன்றாக இடுக்கியால் ஒட்டுவதற்கென்று ஒருவர் தோக்கியோவிலிருந்து வந்திருக்கிறார். எதிர் நாற்காலிக்கு முன்னால் வைத்த பர்கர் பிளாஸ்டிக். விளக்குச் சூட்டில் நிஜமானது வாடிவிடும், செத்துப்போனவருக்கு வைத்ததை யாரும் தொடப்போவதில்லை என்பதால் பிளாஸ்டிக்கே போதும் என்று முடிவானது. ஜப்பானியர்கள் பிளாஸ்டிக் சாப்பாடு செய்வதில் கெட்டிக்காரர்கள். முகர்ந்து பார்த்தால் தவிர தெரியாது.

நடிகர் பழைய நாடகக்காரர். என்ன உடுத்தட்டும் என்று கேட்டார்கள். அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பேனா, மெல்லிய கம்பிச் சட்டகம் போட்ட கண்ணாடி என்றேன். சாதாரணமாக எல்லா ரிட்டயர்டு ஆட்களும் அப்படித்தானே இருப்பார்கள்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அப்பா கூப்பிட்டார். "அங்க குளிரா?" என்றார். குளிர்தான் என்றேன். பின்னால் யாரோ தமிழில் கத்தினார்கள். டிவி என்றேன்.

திருச்சிக்கு ரயிலில் ஒரு காலைப்பொழுது. நாளை மறுநாள்தான் விமானம். போனால் என்ன விஷயமாக வந்தாய் என்று கேட்பார். என்ன விஷயம் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

டிசம்பர் 13

விமான நிலையத்தில் அல்வா வாங்கினேன், அலுவலகத்துக்கு.

ஜனவரி 6

விளம்பரத்தோடு கடைகளிலும் ஏதாவது செய்ய வேண்டும் என்று குமாக்காரர்களே ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். தனியாக வருகிறவரின் எதிர் நாற்காலியில் கரடி பொம்மையை உட்கார வைப்பது. தோக்கியோவில் சில இடங்களில் இப்படி உண்டு, ஆட்களும் ரசிப்பார்கள். தமிழ்நாட்டுக் கடைகளுக்கான குறிப்பைத் தமிழில் நான்தான் எழுதி அனுப்பினேன். "தனியாக வரும் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தவறாமல் கரடியை வைக்கவும். இரு கைகளாலும் வைக்கவும். சிரித்த முகத்துடன் வைக்கவும்."

எழுதும்போது மூலை மேசை நினைவுக்கு வந்தது. வந்ததும் போய்விட்டது.

ஜனவரி 15

பொங்கல். நான்கு நாளாக எல்லாச் சேனலிலும் ஓடுகிறது. முடிவில் வருகிற வாசகம் என்னுடையது: "எதிரே ஒருத்தர் இருக்காங்க." ஊரிலிருந்து கூடப் படித்தவர்கள் அழுகிற முகங்களாக அனுப்புகிறார்கள்.

அப்பா கூப்பிட்டார்.

"டிவில பாத்தேன்."

"எப்படிப்பா இருந்துச்சு?"

"நல்லா எடுத்திருக்காங்க." பிறகு, "அந்த ஆளு நல்ல மனுஷன்."

"அப்பா..."

"நீ எழுதினதா?"

"நாங்க எல்லாருமாச் சேர்ந்துதான்பா."

"ம். சரிம்மா, பால் பொங்குது. வெக்கறேன்."

அங்கே மணி மத்தியானம் இரண்டு. அந்த நேரத்தில் எந்தப் பால் பொங்குகிறது என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 19

ஜப்பானில் இது எல்லோரும் குடும்பத்துக் கல்லறைக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிப் பண்டம் வைக்கிற வாரம். ஜப்பானியப் பிரதி இதே வாரத்தில் வெளிவந்தது, திட்டமிட்டுத்தான். ரயிலுக்குள் கதவுக்கு மேல் இருக்கும் திரையில் சத்தமில்லாமல் ஓடுகிறது. ஜப்பானியப் பெரியவரும் அரைக்கை வெள்ளைச் சட்டை, பையில் பேனா. நான் சொன்னதையே அப்படியே பின்பற்றியிருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மொரிதா சான் எல்லோருக்கும் மாலையில் விருந்து கொடுத்தார். உன் பெரியவருக்கு நன்றி சொல் என்று என்னிடம் தனியாகச் சொன்னார்.

மே 2

அப்பா அமாவாசையைப் பற்றிப் பேசுவதே இல்லை. நானும் கேட்பதில்லை. மோட்டாரைப் பற்றிப் பேசுகிறோம். அது ரிப்பேராகிக்கொண்டே இருப்பது ஒரு விதத்தில் உதவி.

செப்டம்பர் 14, திருச்சி

இந்த முறை வந்துவிட்டேன். லீவு கேட்டதும் கொடுத்தார்கள். போன வருஷமும் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள்.

அப்பா இளைத்திருக்கிறார். எனக்காக வெண்டைக்காய் வதக்கியிருந்தார், கொஞ்சம் உப்புக் கூடுதல். "புத்தூர் கடைக்குப் போறீங்களாப்பா?" என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

"இல்லம்மா. அங்க இப்ப ஒரே கூட்டம்."

அத்தோடு எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

செப்டம்பர் 15, திருச்சி

காலையில் அம்மா மண்டபத்தில் திதி கொடுத்தோம். காவிரியில் தண்ணீர் நிறையப் போகிறது. திரும்பும்போது பஸ் புத்தூர் நால்ரோட்டில் நின்றது. கடை எங்கள் ஜன்னலுக்கு நேராக இருந்தது. அப்பா தலையை மறுபக்கம் திருப்பிக்கொண்டு, அந்தப் பக்கத்து மருந்துக் கடையை அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

வீட்டில் படைத்துச் சாப்பிட்ட பிறகு, மருந்து வாங்கி வருகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு நான் மட்டும் அந்தக் கடைக்குப் போனேன்.

கல்லூரிப் பெண்கள் நிறைய. ஒருத்தி காலி நாற்காலியில் துப்பட்டாவைப் போர்த்தி, அதற்கு ஊட்டிவிடுகிற மாதிரி நடிக்க, மற்றவள் படம் எடுத்தாள். ஒரே சிரிப்பு. வாசகத்தை எழுதியவளுக்குக் கோபப்பட உரிமை இல்லை, பார்த்துக்கொண்டிருந்தேன். உருளைக்கிழங்கு பர்கர் இரண்டு வாங்கி மூலை மேசைக்குப் போய், ஒன்றை எதிரே வைத்தேன். சட்டையில் ஷர்மிளா என்று பெயர் குத்திய பெண் கரடியோடு வந்தாள். இரு கைகளாலும், சிரித்த முகத்தோடு.

"வேண்டாம், எடுத்துடுங்க" என்றேன். "நான் தனியா வரல."

அவள் காலி நாற்காலியைப் பார்த்தாள், இரண்டாவது பர்கரைப் பார்த்தாள்.

"சாரி மேடம். கண்டிப்பா வெக்கணும்னு ரூல். ஜப்பான்லேர்ந்தே எழுதி அனுப்பியிருக்காங்க." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதே மாதிரிதான் மேடம் ஒரு ஐயாவும் சொன்னாரு. அமாவாசைக்கு அமாவாசை வருவாரு. விளம்பரத்துல வர்ற தாத்தா மாதிரியே இருப்பாரு. பசங்கள்லாம் நீங்கதான் அவரான்னு கையக் குடுத்து போட்டோ எடுத்துக்கிட்டாங்க. நானும் எடுத்துக்கிட்டேன் மேடம், ஒரு ஆசையில."

"அப்புறம்?"

"தை அமாவாசை அன்னிக்குத்தான் நாங்க கரடி வெக்க ஆரம்பிச்சிருந்தோம். இங்க ஆள் இருக்காங்கம்மான்னாரு. ரூல் ஐயான்னேன். சரின்னு எழுந்து போயிட்டாரு. ரெண்டையும் தொடவே இல்ல. அதுக்கப்புறம் வர்றதே இல்ல மேடம். அவருக்கு ஒடம்பு ஏதும் முடியலையா, தெரியல."

நன்றாக இருக்கிறார் என்று சொல்ல வாய் வரவில்லை. கரடி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தது. நானும் இரண்டையும் தொடாமல் எழுந்து வந்தேன்.

வீட்டில் அப்பா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்தேன்.

"அப்பா, அது நான்தான் சொன்னேன். உங்ககிட்ட கேக்காம சொல்லிட்டேன். டிசம்பர்ல சென்னைக்கு வந்தப்பக்கூட உங்ககிட்ட சொல்லல."

"தெரியும்மா. உன்கிட்ட மட்டும்தானே சொன்னேன், வேற எப்படிப் போகும்?" ஒரு வேட்டியை ஓரம் சேர்த்து மடித்தார். "சென்னைக்கு வந்தது தெரியாது."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"நீ சொன்னதுக்காக இல்லம்மா. சொன்னா சொல்லிட்டுப் போற. ஆனா அந்த ஆளு வாரா வாரம் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறான். வாயத் தொடச்சு விடறான். நான் ஒருநாள் கூட்டிட்டுப் போனவனா? அதுக்குத்தானே அங்க போய் உக்காந்தேன். இப்ப அந்தப் பிள்ளைங்க வந்து, நீங்க எவ்வளவு நல்லவர் தாத்தான்னு கையக் குடுக்குதுங்க. அந்தக் கையை நான் எப்படிம்மா வாங்கிக்கறது? உங்கம்மா வேற எதிர்ல உக்காந்து கேட்டுக்கிட்டிருப்பா."

"மாத்தச் சொன்னாங்கப்பா."

அவர் அடுத்த துண்டை எடுத்து உதறினார்.

"நான்தான் மாத்தி எழுதினேன்" என்றேன்.

மடித்த துணிகளை ஓரமாக வைத்துவிட்டு, என்மேல் கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "உங்கம்மாவுக்கு பர்கர் மேல ஆசைன்னா நெனச்சே? அது என்ன பண்டம்னே அவளுக்குத் தெரியாது. கடை தொறந்தப்ப வாசல்ல ஒரு போர்டு வெச்சிருந்தாங்கல்ல, உள்ளே வாங்க, நம்ம வீடுதான்னு. நீ எழுதினதுன்னு நீயே போன்ல சொல்லியிருந்தே. பஸ் அங்க நின்னா குனிஞ்சு குனிஞ்சு அதப் படிப்பா. எம்பொண்ணே உள்ள வாங்கன்னு கூப்பிடறா, நீங்க என்னடான்னா போக விட மாட்டேங்கறீங்கன்னு திட்டுவா."

அந்தப் பலகை நான் தமிழில் எழுதிய முதல் வேலை. சொல்லுக்குச் சொல் ஜப்பானிய மூலத்தின் மொழிபெயர்ப்பு. எழுதிய வாரமே அதை மறந்துபோனேன்.



செப்டம்பர் 17

கிளம்பும்போது பருப்புப் பொடியைப் பெட்டியில் திணித்தார். நான் பேசி அந்தக் கரடியை எடுக்க வைக்கிறேன், மறுபடி போங்கப்பா என்றேன். "வேண்டாம்மா. இனிமே வீட்டுலயே வெச்சுக்கறேன்" என்றார். ஆட்டோ வந்துவிட்டது.

செப்டம்பர் 29, தோக்கியோ

தனியாக வரவில்லை என்று சொல்கிறவருக்குக் கரடி வைக்க வேண்டாம் என்று விதியைத் திருத்தக் கேட்டேன். யோசிக்கிறோம் என்றார்கள். இங்கே யோசிக்கிறோம் என்றால் முடியாது என்று அர்த்தம்.

அக்டோபர் 6

இரண்டாம் பாகம் எடுக்கப்போகிறார்கள். அதே பெரியவர், இரண்டு நாட்டிலும். இன்று முதல் கூட்டம்.

மொரிதா சான் ஆர்வமாக இருந்தார். அந்தப் பெரியவருக்கு வெளிநாட்டில் ஒரு மகள் இருந்தால் எப்படி என்று கேட்டார். அவள் ஊருக்கு வருகிறாள், அப்பாவைத் தேடிக் கடைக்கு வருகிறாள், அந்த எதிர் நாற்காலியில் உட்கார்கிறாள். கரடி பக்கத்து நாற்காலிக்கு மாறிக்கொள்கிறது. எல்லோரும் ஆஹா என்றார்கள். உண்மையிலேயே நல்ல யோசனைதான், ஓடும்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்குத் தெரிந்த அந்தப் பெரியவருக்கு மகள் இருக்கிறாரா? எப்படிப்பட்டவர்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். யாரும் பேசவில்லை. இந்த முறை அந்த மௌனத்தில் நானும் அவர்களைப் போலவே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

"இல்லை" என்றேன். "அவருக்கு மகள் இல்லை."